டாபு யாரு மாதிரி பேசுறான்

சிரிக்கத்தான் போகிறோம், அதில் சந்தேகமே வேண்டாம். ஜெசிந்தா தொடங்கிவைத்த வேடிக்கை எதுவும் சிரிப்பில் முடியாமல் போனதில்லை. பங்குச் சாமியார் குரலில் கோயில் மைக்கைப் பிடித்து, இன்று மறைக்கல்வி வகுப்பு கிடையாது, பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் அறிவித்த அன்றுகூட, கடைசியில் சிரித்தவர் சாமியார்தான். சிரித்து முடித்துவிட்டுத்தான் முட்டி போடச் சொன்னார். இன்றைக்கும் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறாள், பல நாளாகச் சேர்த்துச் சேர்த்து வைத்தது. ஆனால் இப்போது இல்லை. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏனென்றால் சிரிக்க வேண்டிய ஆள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ரசச் சோறு நெஞ்சைக் கரிக்கிறது என்று முனகிக்கொண்டிருக்கிறார். சிரிக்க வைக்க வேண்டியவள் அதே கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இந்த அத்தியாயத்தை வாசிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். நைலான் பட்டைக் கட்டில். தலைமாட்டில் சில பட்டைகளை அறுத்து, முகம் மட்டும் இறங்குகிற அளவுக்குச் சந்து விட்டு, ஓரத்தில் பழைய துண்டைச் சுற்றித் தைத்துக் கொடுத்திருந்தாள் அம்மா. அந்தச் சந்தில் சவரிமுத்து மாமாவின் முகம் தொங்கியது. ஒரு கண்ணில் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் மூடி. மறு கண் பாதி மூடியிருந்தது. கன்னத்துச் சதையெல்லாம் கீழே இறங்கி உதடு பிதுங்கி, யாரையோ கேலி செய்வதற்காக மூஞ்சியை அப்படி வைத்திருப்பவர் மாதிரி இருந்தார். முதல் நாள் அவளைக் கீழே பார்த்ததும், வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் பார்க்கிற மெக்கானிக் மாதிரி இருக்கேடி என்றார். பஸ் டிரைவருக்கு வேறு எது ஞாபகம் வரும். அன்றிலிருந்து அவளும் ஸ்பேனரைக் கேட்கிற மாதிரிதான் புத்தகத்தைக் கேட்பாள்.

கண்ணுக்குள்ளே ஒரு காற்றுக் குமிழியை அடைத்துவைத்திருக்கிறார்கள். கொத்தனாரின் ரசமட்டத்துக்குள் ஓடுமே, அந்த மாதிரிக் குமிழி. அது எப்போதும் மேலேதான் போகும். மேலே போய், உரிந்துபோன விழித்திரையைப் பின்பக்கச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் முகம் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பாத்ரூம் போகும்போதும்கூட. போன தடவை ஒட்டியபோது மாமா இருக்கச் சொன்ன நாளில் பாதிகூட இருக்கவில்லை. தன் வண்டியை யார் ஓட்டுகிறான் என்று பார்க்க பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார், திரை திரும்ப உரிந்துவிட்டது. மறு கண்ணிலும் சர்க்கரை கை வைத்தாகிவிட்டது, அதில் ஆள் தெரியும், முகம் தெரியாது. இதுவும் உரிந்தால் இன்னொரு தடவை ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றாள். சனிக்கிழமை செக்கப் வரைக்கும் தலை தூக்கக் கூடாது. பஸ் ஓட்டுறதெல்லாம் அப்புறம் பார்ப்போம், சரியா என்றும் டாக்டரம்மா சொன்னார். அந்த 'சரியா' அவளுக்குப் பிடித்துப்போனது, மெத்தென்ற குரல், கடைசியில் ஒரு சின்ன மேடு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அதைப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் பார்ப்போம், சரியா. இரண்டாவது தடவை போட்டபோதுதான் தெரிந்தது, அந்த மேட்டுக்குள் 'இல்லை' இருந்தது. காதால் கேட்டபோது பிடிபடாதது வாயில் போட்டதும் பிடிபட்டுவிட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். ஒருவர் மனசில் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமா, அவர் குரலைத் தொண்டையில் மாட்டிப் பார்த்தால் போதும், சட்டையைப் போட்டால் அளவு தெரிந்துவிடுகிற மாதிரி. அன்றைக்கு அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டாம் என்று இருந்தது. கண்ணாடிக்குள் இருந்த பெண்ணைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், அம்மாவும் சொல்லவில்லை.

புத்தகம் என்றால் கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. மாமா பையனாக இருந்தபோது வாராவாரம் ஒரு பத்திரிகையில் வந்த இங்கிலீஷ் சாகசக் கதை, தமிழில் பெயர்த்தது. முடிவெட்டுகிற கடையில் பழசானதும் கெஞ்சி வாங்கிவந்து, கதை வந்த பக்கங்களை மட்டும் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு அவரே பைண்ட் செய்தது. செந்நீர் ஏரி மாணிக்கம். எழுதியவர் பேரும் பெயர்த்தவர் பேரும் இருந்த முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. கதைப் பக்கத்தின் பின்பக்கத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் பாதி கூந்தல் தைல விளம்பரம், பாதி கத்தரிக்காய் கொத்சு. பாதி ஜோக்கும் உண்டு. ஒரு நோயாளி டாக்டரிடம், டாக்டர், எனக்கு எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டாத் தெரியுது என்கிறார். டாக்டர் என்ன சொன்னார் என்பது மாமாவுக்குத் தேவைப்படாத அடுத்த தாளில் இருந்திருக்கிறது. ஒன்பதாவது அத்தியாயத்தின் முதுகில் அந்த நோயாளி இத்தனை வருஷமாகப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார். எந்த வீட்டிலும் இப்படி ஒன்றாவது கிடக்கும் போல, அவள் தோழி வீட்டிலும் ஒன்று உண்டு, அதில் பேய் வருகிற வாரம் இல்லையாம், பேயை ஓட்டுகிற வாரம் மட்டும் இருக்கிறதாம். மாமாவின் புத்தகத்தில் வாரம் எதுவும் விடுபடவில்லை. அத்தனை பிரியம். பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவில், பௌதீகப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு, இந்தக் கதையைத்தான் மேலே பார்த்து அண்ணாந்து அண்ணாந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். குப்புறக் கிடக்கிற ஆளை அப்படியே கிடக்க வைக்க அம்மா கண்டுபிடித்த வழி. டிவி போட்டால் திரும்பிவிடுவார், பாட்டுப் போட்டால் எழுந்துவிடுவார், இந்தக் கதை போட்டால் கிடப்பார்.

முதலில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. கேப்டன் வில்ஃபோர்டு என்கிறவன் யாருடைய ஊருக்கோ போய், யாருடைய ஏரியிலோ இறங்கி, யாருடைய மாணிக்கத்தையோ எடுத்து வருவதற்குப் புறப்படுகிறான், அதைக் கேட்க ஆளே இல்லை. வழியில் ஒரு காண்டாமிருகத்தை அது சும்மா நின்றதற்காகச் சுடுகிறான். கதை முழுக்கப் பெண் என்று வருவது ஒரு கிளியும் கேப்டனின் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற படமும்தான், அந்தப் படம் கிளி அளவுக்குக்கூடப் பேசுவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒன்று மரத்துக்குப் பின்னால் ஒளிகிறார்கள், அல்லது காலில் விழுகிறார்கள். வழிகாட்டியாக வருகிறவன் டாபு. டாபுவுக்குக் காடு தெரியும், நட்சத்திரம் தெரியும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மோப்பத்தில் தெரியும், ஆனால் 'நான்' என்ற ஒரு சொல் மட்டும் தெரியாது. எஜமான் நல்ல எஜமான், டாபு போறான், டாபு பார்க்கிறான், டாபு பயப்பட மாட்டான். தன்னையே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறான், அடுத்த வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வது மாதிரி. நாயைப் போல் விசுவாசமுள்ளவன் என்று அத்தியாயத்துக்கு ஒரு தடவையாவது கதை அவனை மெச்சிக்கொள்ளும். படத்தில் அவன் மாமா நிறம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மாமா, டாபு உங்க கலரு என்றாள். பெயின்ட் அடிச்ச ஆளு கை கருப்பா இருந்திருக்கும்டி என்றார் மாமா. அவர் மனசில் அவர் எப்போதும் கேப்டன். சின்னப் பிள்ளையில் விளையாடும்போது அவர்தான் கேப்டனாம், தங்கச்சிதான் டாபுவாம். அம்மாவைக் கேட்டதற்கு, ஆமா, வேப்பமரத்து மேல இவரு ஒக்காந்துக்குவாரு, நான் கீழ மூட்டையோட நிப்பேன் என்றாள், இத்தனை வயசுக்கு அப்புறமும் அந்த மூட்டை கனக்கிற முகத்தோடு. இதெல்லாம் சரிதான், எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் பள்ளத்தாக்கில் கயிறு அறுகிற இடத்தில் ஜெசிந்தா என்ன செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடாதே விழுந்துவிடாதே என்று கேப்டனுக்காக, அந்தக் காண்டாமிருகக் கொலைகாரனுக்காக, உள்ளங்கை வேர்க்கப் படித்தாள். கதை யார் தோளில் உட்கார்ந்திருக்கிறதோ அவன் தோளிலேயே நம்மையும் ஏற்றிவிடுகிறது, இறங்க நினைத்தால் கீழே பள்ளம். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவனின் கை என்ன ஆயிற்று என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. அவளும் தேடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது, டாபு கையில் தோல் உரிந்திருக்குமே என்று.

வேடிக்கை இங்கேதான் ஆரம்பித்தது. சும்மா வாசித்தால் மாமா தூங்கிவிடுவார், தூங்கினால் புரண்டுவிடுவார், அதனால் குரல் போட்டாள். கேப்டனுக்கு மாமாவின் பஸ் முதலாளி குரல். தம்பி தம்பி என்று தேனாக இழுத்து, கடைசிச் சொல்லில் கதவைச் சாத்துகிற குரல். மாமா இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார், ஏ, மொதலாளிடி, என்று கட்டில் குலுங்கினார். கூட வருகிற வெள்ளைக்கார டாக்டருக்குப் பங்குச் சாமியார். கண்டுபிடித்தார். கிளிக்கு அம்மா. கிளி வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்தார். ஆனால் டாபு. டாபுவை முதலில் கீச்சுக் குரலில் வைத்திருந்தாள், பத்திரிகைக்காரர் எழுதியதற்கு அதுதான் பொருந்தியது. அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறக்கினாள். பேசுவதற்கு முன்னால் கியர் மாற்றுகிற மாதிரித் தொண்டைக்குள் ஒரு 'ம்ஹ்' சேர்த்தாள். மறுநாள் 'அதாவது பாத்துக்க' சேர்த்தாள். அதற்கு மறுநாள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் பிரேக் போடுகிற மாதிரி ஒரு நிறுத்தம். நேற்று 'என்ன நான் சொல்றது' என்பதையும் ஒட்டிவிட்டாள். அவ்வளவுதான், சவரிமுத்து மாமா அச்சு அசலாகக் காட்டுக்குள் மூட்டை தூக்கிக்கொண்டு போனார். கட்டிலில் படுத்திருந்த சவரிமுத்து மாமாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட இல்லை, இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேன்டி என்று தினமும் யோசிக்கிறார். கண்டக்டர் பாலுச்சாமியா என்றார். இல்லை. ஷெட்டில் டயர் மாற்றுகிற ஆளா. இல்லை. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியனா, அவனும் இப்படித்தான் இழுப்பான். இல்லை மாமா, நீங்களே கண்டுபிடிங்க. நேற்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எவன்டி இவன், ஒரு சொல்லச் சொல்றதுக்குள்ள பழனிக்கே போய்ட்டு வந்துரலாம் போல. எதுக்கெடுத்தாலும் கும்பிடு வேற. நானா இருந்தா அந்தக் கேப்டன்கிட்ட நாலு வார்த்த கேட்டிருப்பேன்." ஜெசிந்தா சிரிப்பை அடக்கப் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள், வாயில் கோரை ருசி. இதுதான் அந்தச் சிரிப்பு. இன்றைக்கு உடைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

நினைத்திருந்தாள், அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால் அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. செந்நீர் ஏரி வந்துவிட்டது. தண்ணீரில் ஏதோ உப்பு, கண்ணில் பட்டால் எரிக்கும். அதனால் எல்லோருக்கும் பதிலாக டாபு இறங்குகிறான். இறங்கி ஒரு பை மாணிக்கம் கொண்டு வருகிறான், கண் சிவந்திருக்கிறது. மறுபடி இறங்குகிறான், வெளியே வந்ததும் எஜமான் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிறான். அதை ஒரு நகைச்சுவை மாதிரி எழுதியிருந்தார்கள். எஜமானே, டாபுவுக்கு உலகம் பாலாகத் தெரிகிறது. கேப்டன் அவன் தோளைத் தட்டி, இன்னும் ஒரே ஒரு தடவை, நீ என் உடன்பிறந்தவன் மாதிரி என்கிறான். சரி எஜமான், டாபு போறான். போனவன் வரவில்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நிற்கிறான், அப்புறம் பையை எடைபோடுகிறான், அத்தியாயம் முடிந்துவிட்டது, பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரத்தில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த அத்தியாயத்தை எப்படி வாசிப்பது, அந்தக் குரலில். அவளே தைத்துப் போட்ட குரல். டாபுவுக்கு உலகம் பாலாகத் தெரிகிறது என்று மாமாவின் தொண்டையிலிருந்து மாமாவின் காதுக்கே சொல்வதா. தைப்பூசத்துக்கு முன்னால் மாமா வீட்டுக்கு வந்து, கண்ணுக்குள்ள கொசு பறக்குதுடி, கறுப்பு நூல் மாதிரி தொங்குது என்று சொல்லி, சுவரில் கையை வீசிக் கொசு அடித்துக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். கொசு அடிக்கிற மாமா என்று அதையும் நடித்துக் காட்டினாள். முதலாளியிடம் சொன்னாராம். பூசம் முடியட்டும் தம்பி, நம்ம வண்டி, நம்ம புள்ள மாதிரி, இந்தக் கூட்டத்துல புதுசா ஒருத்தன்கிட்டக் குடுக்க முடியுமா என்றாராம் முதலாளி. சரிங்க மொதலாளி. பூசம் முடிகிற வரை பழனிக்கும் திண்டுக்கல்லுக்குமாக, பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டோரம் நடக்க, ராத்திரியும் பகலும் அந்த நூலைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஓட்டியிருக்கிறார். ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி இருட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரி. குரலை மாற்றிவிடலாமா. டாபுவைத் திரும்பக் கீச்சுக் குரலுக்கு ஏற்றிவிடலாம். ஆனால் மாமா உடனே பிடித்துவிடுவார், ஏன்டி மாத்துன என்பார். அத்தியாயத்தைத் தாண்டிவிடலாமா. வாரம் தவறாமல் கிழித்துத் தைத்தவரிடமா.

இது மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பாள். காலையில் அம்மா மில்லுக்குப் போன பிறகு அந்த போன் வந்தது. மாமா முகத்துக்குக் கீழே போனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டது ஜெசிந்தாதான், அதனால் எல்லாம் கேட்டது. தம்பி, எப்படி இருக்க. பங்குனி உத்திரக் கூட்டம் ஆரம்பிச்சிருச்சு பாத்தியா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷெட்டுல இருப்பேன், வந்து ஒரு முகத்தக் காட்டிட்டுப் போயிரு, நீ வருவியா மாட்டியான்னு தெரிஞ்சாத்தான் எனக்கும் ஒரு இது. இல்லன்னா வண்டிய சின்னராசுகிட்டக் குடுக்க வேண்டியதா இருக்கும். முகத்தக் காட்டு என்றார். அந்த முகம் கட்டில் சந்துக்குள் தொங்கிக்கொண்டு, சரிங்க மொதலாளி என்றது. அவளுக்குத் தெரிந்த எல்லாக் குரல்களிலும் அதுதான் ரொம்பச் சின்னது, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பிறகு அவளைப் பார்த்து, கீழ பாத்துக்கிட்டே ஆட்டோவுல போய்ட்டுக் கீழ பாத்துக்கிட்டே வந்துரப்போறேன், ஒன் அம்மாகிட்டச் சொல்லாத என்றார். அம்மாவின் போன் மில்லில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், ஷிப்ட் முடிகிறவரை எடுக்க முடியாது. முதலாளி முன்னால் போய் மாமா கீழே பார்த்துக்கொண்டு நிற்பாரா. நிமிர்ந்து நிற்பார், கண் நல்லாருக்குங்க என்பார், வண்டிப் படியில் ஏறிக் காட்டினாலும் காட்டுவார். குமிழி நகர்ந்துவிடும். ஜெசிந்தாவுக்கு ஒரு யோசனை வந்தது, அவளுக்கு வரக்கூடிய யோசனைதான். மாமா குரலில் முதலாளிக்கு போன் போட்டு, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன. சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தின் வாயில் வாயை வைத்து மெதுவாகப் போட்டுப் பார்த்தாள். ம்ஹ். அதாவது பாத்துக்குங்க மொதலாளி. அதுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வரமாட்டேன் என்று மாமா எப்படிச் சொல்வார். எந்த இடத்தில் நிறுத்துவார், குரல் ஏறுமா இறங்குமா. யோசித்து யோசித்துப் பார்த்தாள், மாதிரி இல்லை. அவர் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. குடத்துக்குள்ளிருந்து சரிங்க மொதலாளி மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் குரலைப் போடும்போது தன் தோள் தானாக உள்ளே மடங்குவதைக் கவனித்தாள், கை தானாக அடிவயிற்றில் சேர்ந்துகொண்டது. நிமிர்ந்துகொண்டு அந்தக் குரலைப் போட முடியவில்லை. இத்தனை நாள் அதில் அவள் கண்டது வேடிக்கை மட்டும்.

"என்னடி, புக்கு கீழ விழுந்துருச்சா," என்றது மேலே முகம். இல்லை மாமா, பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். வாசித்தாள். வேறு என்ன செய்வது, நாலு மணியைத் தாண்டிவிட்டது, வாசிக்கிறவரைதான் அவர் கிடப்பார். ஏரியின் நிறத்தை மெதுவாக வாசித்தாள், ஏரிக்கரைக் கொக்குகளை ஒவ்வொன்றாக வாசித்தாள், இல்லாத கொக்குகளையும் சேர்த்தாள். மொட்டைப் பாறைகள், உப்பு படிந்த புல், கிளி சொன்ன எச்சரிக்கை. கிளி நிறையப் பேசியது, கிளிக்கு அம்மாவின் புலம்பல் முழுவதையும் கொடுத்தாள், கேஸ் விலையைத் தவிர. மாமா சிரித்தார், ஆனால் அரைச் சிரிப்பு, காது வாசல் பக்கம் இருந்தது. டாபு முதல் தடவை இறங்கினான். ம்ஹ். அதாவது பாத்துக்குங்க எஜமான், டாபு எறங்குறான், என்ன டாபு சொல்றது. பாவிப்பய, எறங்குறத பாரு, கேள்வி கேக்காம என்றார் மாமா. அவருக்கு டாபு மேல் பிரியம்தான், அதனால்தான் திட்டுகிறார். டாபு இரண்டாவது தடவை இறங்கினான். உலகம் பாலாகத் தெரிகிற வரி வந்தது. அவள் நாக்கு அதன் மேல் போய் நின்றது, இறங்கவில்லை. விட்டுவிட்டாள். சர்க்கரைக்காரர் வேர்வை நெற்றியில் முத்து முத்தாகக் கட்டி, அதில் ஒன்று அவள் கழுத்துப் பக்கம் விழுந்தது, சூடாக. துடைத்துக்கொள்ளவில்லை. கேப்டன் தோளைத் தட்டும் வரிக்கு முன்னால் வந்து நின்றாள். அதற்கு அப்புறம் ஒரே ஒரு சரி எஜமான்தான் பாக்கி, அப்புறம் தொப்பி. இந்தப் புத்தகத்தை மாமா பையனாக வாசித்தபோது இந்த இடத்தில் அழுதிருப்பாரா, இல்லை கேப்டனோடு சேர்ந்து தொப்பியைக் கழற்றிவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பாரா. தொப்பி. அவரிடம் காக்கிச் சட்டைதான் இருந்தது, தொப்பி எப்போது இருந்தது.

கட்டில் முனகியது. மாமா இரண்டு கையையும் ஊன்றினார். "போதும்டி. மிச்சத்த வந்து கேக்குறேன். அந்தச் சட்டைய எடு." சந்துக்குள்ளிருந்து முகம் மேலே போனது. கீழே படுத்திருந்தவளுக்கு, அந்த முகம் இருந்த இடத்தில் ஓட்டுக்கூரை தெரிந்தது, நடுவில் கண்ணாடி ஓடு, அதில் வெயில். முகம் இல்லாத அந்தச் சந்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழாதீங்க மாமா என்று கத்தினால் இன்னும் வேகமாக எழுவார். காலைப் பிடித்து இழுக்கலாம், இழுத்தால் தலை ஆடும். அழலாம். அழுதால் நம்ப மாட்டார், அவள் அழுகிற மாதிரி எத்தனையோ தடவை நடித்துப் பணம் வாங்கியிருக்கிறாள். அவளிடம் இருந்தது குரல் ஒன்றுதான், அதிலும் மாதிரி இல்லாத குரல். புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டாள், அதை அவர் பார்க்க முடியாது. முதலில் கேப்டன். தேனாக இழுத்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவ எறங்கி வந்துரு தம்பி. நீ எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. முகத்தக் காட்டிட்டுப் போயிரு." அவரே சட்டையை எட்டி எடுத்திருக்க வேண்டும், மேலே துணி சரசரத்தது, பிறகு சரசரக்கவில்லை. இப்போது டாபு. தோளைப் பாயில் நன்றாகப் பதித்தாள், மடங்காமல் பார்த்துக்கொண்டாள். கையை அடிவயிற்றிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் தரையில் வைத்தாள். எங்கே நிறுத்துவார், தெரியாது. எங்கே ஏறும், தெரியாது. அவரே கண்டுபிடித்திராத இடத்தை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள். சும்மா வாயைத் திறந்தாள், தொண்டைக்குள் கியர் மாறியது.

"ம்ஹ். அதாவது பாத்துக்குங்க எஜமான். நான் எறங்கல. மாணிக்கம் இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வேற எவனாவது எடுப்பான், ஏரி எங்கயும் போயிறாது. எனக்கு மிச்சமிருக்கிறது இந்த ஒரு... கண்ணு. இதயும் ஒங்க ஏரியில போட்டுட்டு நான் யாரு மூஞ்சியப் பாக்குறது. கோவம்னாலும் பரவால்ல. என்ன நான் சொல்றது."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சமதளத்தில் நாலாவது கியரில் போகிற மாதிரி நேராகப் போயிருந்தது. மாமா உட்கார்ந்துவிட்டாரா, உட்கார்ந்தபடி வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, குமிழி இந்நேரம் எந்தப் பக்கம் ஓடியிருக்கும். கண்ணாடி ஓட்டில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து அவளைக் குனிந்து பார்த்தது. சமையல்கட்டில் குழாய் சொட்டியது. தான் செய்தது வேடிக்கையா, அவமானமா, மாமாவின் உடம்புக்குள் கையை விட்டு எதையோ திருடிக்கொண்டு வந்துவிட்டாளா, அவர் இனிமேல் அவளிடம் பேசுவாரா. சாமியாரிடம் முட்டி போட்டது நினைவுக்கு வந்தது. அது சுலபம், முட்டிதான் வலித்தது. அப்புறம் பட்டைகள் ஒவ்வொன்றாக இறுகின. நெஞ்சு இறங்கியது, தோள் இறங்கியது. துண்டு சுற்றிய சந்து இருண்டது, முகம் வந்து அதில் மெதுவாகப் பொருந்தியது, நெற்றி முதலில், அப்புறம் பிளாஸ்டிக் மூடி, அப்புறம் மூக்கு. சட்டையைப் பிடித்திருந்த கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, சட்டையைத் தரையில் விட்டுவிட்டது. மங்கலான அந்த ஒரு கண் அவளைத் தேடியது. "அவன் எறங்குவான்டி," என்றார் மாமா. "எனக்கு ஞாபகம் இருக்கு. எறங்கிப் போனவன் வரமாட்டான். அடுத்த வாரமாவது வருவான்னு சலூன் வாசல்ல போயி நின்னுருக்கேன்."

"இல்ல மாமா. எறங்க மாட்டேங்கிறான். நீங்களே கேட்டீங்கல்ல."

மாமா யோசித்தார். முகம் கீழே தொங்குகிறவர் யோசிப்பது விசித்திரமாக இருக்கும், புருவம் மேலே போவதற்குப் பதிலாகக் கீழே வரும். ஷெட்டில் முதலாளி மேசை முன்னால் நின்று யோசிக்கும்போதும் இதே முகம்தானா, அல்லது அங்கே யோசிக்கவே நேரம் இருந்ததில்லையா. தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. "ம்ஹ்," என்றார். "அதாவது பாத்துக்க ஜெசி, அப்பிடியெல்லாம் பேசிற முடியுமா. எஜமான்னு ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லிட்டா, நமக்கு முடியுதோ இல்லையோ, எறங்கித்தான ஆகணும், என்ன நான்..."

நின்றார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் எப்போதும் போடுகிற பிரேக், ஆனால் இந்தத் தடவை வண்டி திரும்பக் கிளம்பவில்லை. அந்த நிறுத்தத்தில் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார், கட்டிலுக்கு அடியிலிருந்து வரும் சத்தத்தை இல்லை, தன் வாயிலிருந்து இப்போதுதான் வெளியே போனதை. மறுபடி மெதுவாக, ருசி பார்க்கிற மாதிரி, ம்ஹ் என்றார். இன்னொரு தடவை, ம்ஹ். ஜெசிந்தா கண்ணை இமைக்கவில்லை. பிதுங்கிய உதடு நடுங்கியது, கன்னம் நடுங்கியது, மூக்கு வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்து அவள் முகத்தில் அடித்தது, பட்டைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிடத் தொடங்கின. இரண்டு கையும் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன, தலை மேலே வந்துவிடாமல்.

"அடிப்பாவி," என்றார் சவரிமுத்து மாமா. "இத்தன நாளா டாபு நானாடி?"